ஐயரா, ஓதுவாரா, நீங்களேவா? கல்யாண மேடையில் சொல்லும் வார்த்தைகள்: ஓர் அலசல்

தண்டையார்பேட்டையில் அழைப்பிதழ் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் பெரியவர்கள் வந்து கார்டு மாடலைப் பார்த்து, விலை பேசிவிட்டுப் போவார்கள். இப்போது பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்தே வருகிறார்கள். "அண்ணே, வீட்ல ஐயர் வேணும்ன்றாங்க. எங்களுக்கு நாங்களே ரெண்டு வார்த்தை சொல்லிக்கணும்னு இருக்கு. அதையும் ஒரு கார்டா அடிச்சுத் தர முடியுமா?" என்று கேட்கிறார்கள். அடித்துத் தருவது சுலபம். என்ன அடிப்பது என்பதில்தான் பேச்சு நீளும்.

வடசென்னையில் எல்லா முறையும் பக்கத்துப் பக்கத்துத் தெருவிலேயே நடக்கிறது. ராயபுரத்தில் மாதா கோயில், மண்ணடியில் நிக்காஹ், வியாசர்பாடியில் பௌத்தத் திருமணம், திருவொற்றியூரில் கோயில் கல்யாணம், மண்டபங்களில் கட்சித் தலைவர் முன்னிலையில் சீர்திருத்தத் திருமணம். எது உசத்தி என்ற சண்டைக்கு நான் வரவில்லை. மேடையில் யார் வாய் திறக்கிறார்கள், எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்குப் புரிகிறதா, வார்த்தையை மாற்ற இடம் உண்டா, சட்டம் ஏற்குமா. இந்த நாலை மட்டும் வைத்துப் பார்க்கிறேன்.

ஐயர் வைத்து நடத்துவதில் பெரிய வசதி, நீங்கள் எதையும் யோசிக்க வேண்டாம் என்பதுதான். "மாங்கல்யம் தந்துனானேன" என்று ஆரம்பித்தாலே கடைசி வரிசையில் இருக்கும் பாட்டிக்குக்கூட அட்சதை போடும் நேரம் வந்துவிட்டது தெரியும். அர்த்தம் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. என் வாழ்வுக்குக் காரணமான இந்தச் சரடை உன் கழுத்தில் கட்டுகிறேன், நீ நூறாண்டு வாழ வேண்டும் என்பதுதான் அது. நல்ல வரிதான். ஏழடி எடுத்து வைக்கும் சப்தபதியிலும் உணவு, வலிமை, சுகம், பருவங்கள் என்று ஒவ்வோர் அடிக்கும் ஒன்று கேட்டுவிட்டு, ஏழாவது அடியில் "என் தோழியாகிவிடு" என்று முடிகிறது. சொந்தமாக உறுதிமொழி எழுதுகிறவர்கள் பலர் அந்த அளவு அழகாக எழுதுவதில்லை.

குறை எங்கே என்றால், இவ்வளவும் மாப்பிள்ளை சொல்ல வேண்டியது. அதையும் ஐயர் சொல்லச் சொல்ல அவர் முணுமுணுப்பார். பெண்ணுக்கு அநேகமாக வசனமே கிடையாது. அதோடு அதே சடங்கில், சோமன் முதலில் உன்னை அடைந்தான், பிறகு கந்தர்வன், மூன்றாவது அக்கினி, நாலாவதாக மனிதன் என்று வரும் மந்திரமும் இருக்கிறது. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் உள்ளது. வேறு பொருள் சொல்லி விளக்குவோர் உண்டு. ஆனாலும் புரிந்தால் எத்தனை பெண்கள் சரி என்பார்கள் என்று எனக்குச் சந்தேகம். நம் பக்கத்துக் கல்யாணங்களில் ஐயரே நிறையச் சுருக்கிவிடுகிறார், ஏழடி மூன்று சுற்றாகிவிடுகிறது. சட்டத்தில் சிக்கல் வராது. இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 7, இரு வீட்டில் ஒரு வீட்டு வழக்கப்படி நடந்தால் போதும் என்கிறது. அந்த வழக்கத்தில் சப்தபதி இருந்தால் மட்டும் ஏழாவது அடியில் திருமணம் முழுமை பெறும்.

வார்த்தையை மாற்ற இங்கே இடமில்லை. ஆனால் கூட்டிக்கொள்ள இடம் உண்டு. முன்கூட்டியே பேசி வைத்தால், தாலி கட்டி முடிந்ததும் மைக்கைக் கொடுக்கப் பல ஐயர்கள் மறுப்பதில்லை. மேடையில் திடீரென்று கேட்டால்தான் முகம் சுளிப்பார்கள். அடுத்த மண்டபத்துக்கு அவருக்கு நேரமாகிறது.

தமிழ் முறை என்று கேட்டு வருபவர்கள் இரண்டு வகை. சிலருக்குச் சடங்கு அப்படியே வேண்டும், மொழி மட்டும் தமிழாக வேண்டும். ஓதுவார் வந்து விளக்கேற்றி, தாலி கட்டும்போது சம்பந்தரின் "மண்ணில் நல்ல வண்ணம் வாழலாம்" பாடுவார். வைணவ வீடென்றால் ஆண்டாளின் "வாரணமாயிரம்". இன்னும் சிலர் திருக்குறள் மட்டும் போதும் என்பார்கள். காதுக்கு இதமாக இருக்கும், கூட்டமும் சேர்ந்து பாடும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இவையெல்லாம் வாழ்த்து, இல்லையென்றால் பக்தி. இவர் அவருக்கு என்ன வாக்குக் கொடுத்தார் என்ற கேள்விக்குப் பதில் இதில் இல்லை. அகநானூறு 86ஆம் பாட்டில் வரும் பழைய கல்யாணத்தில் புரோகிதரே கிடையாது. பந்தல், புது மணல், விளக்கு, உளுந்து போட்ட பொங்கல், பிள்ளை பெற்ற நாலு பெண்கள் தண்ணீர் ஊற்றி வாழ்த்துவது என்று படிக்கவே ஆசையாக இருக்கும். அங்கேயும் அறிவுரை மணப்பெண்ணுக்குத்தான்: கட்டியவன் விரும்பும்படி இரு என்று. மாப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை இல்லை. ஆகவே தமிழ் முறைக்குப் போகிறவர்கள் பாட்டோடு நிறுத்தாமல் இரண்டு பேருக்கும் ஒரு சிறு உறுதிமொழி சேர்த்துக்கொள்வது நல்லது.

சீர்திருத்தத் திருமணம் என்றும் சொல்லும் சுயமரியாதைத் திருமணத்தில் ஐயரும் மந்திரமும் கிடையாது, வார்த்தைதான் சடங்கு. 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் இப்படி நடந்த திருமணம் செல்லாது என்று சொல்லிவிட்டது. 1967இல் அண்ணா முதல்வரானதும் இந்து திருமணச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம்தான் பிரிவு 7ஏ. உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், இருவருக்கும் புரிந்த எந்த மொழியிலும் ஒருவரை ஒருவர் கணவராக, மனைவியாக ஏற்கிறேன் என்று சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ போதும். அல்லது தாலி கட்டினால் போதும். இந்த மூன்றில் ஒன்று நடந்தாலே திருமணம் செல்லும். ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஒரே எல்லை, இருவரும் அந்தச் சட்டப்படி இந்துக்களாக இருக்க வேண்டும். பௌத்தர், சமணர், சீக்கியரும் அதில் அடக்கம்.

சட்டம் இவ்வளவு இடம் விட்டிருக்கிறது. மேடையில் நடப்பதோ வேறு. தலைமை தாங்கும் பிரமுகர் வரத் தாமதம், வந்ததும் நாட்டு நடப்பு, எதிர்க்கட்சி, மணமகனின் தாத்தா கட்சிக்கு உழைத்த கதை. கடைசியில் மணமக்கள் சொல்வது இரண்டு வரி, அதுவும் அவர் சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொல்வது. மந்திரம் போய் மைக் வந்ததே தவிர, பெண்ணுக்குப் பேச வாய்ப்பு அங்கேயும் குறைவுதான். உறுதிமொழியை முதலிலும் வாழ்த்துரையைக் கடைசியிலும் வைக்கச் சொல்லி நிகழ்ச்சி நிரலை அச்சடித்துக் கொடுத்துவிட்டால் இது சரியாகிவிடும். அச்சில் இருப்பதைப் பிரமுகர்கள் மீறுவது அபூர்வம்.

பௌத்த முறையைப் பற்றி நம் பகுதிக்கு வெளியே அதிகம் தெரியாது. அயோத்திதாசரின் இயக்கம் வேர் விட்ட பெரம்பூர், அம்பேத்கர் பெயர் இல்லாத தெருவே இல்லாத வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் இது பழகிய விஷயம். திரிசரணம் (புத்தம், தம்மம், சங்கம் சரணம்), பஞ்சசீலம் (ஐந்து ஒழுக்க உறுதிகள்) சொன்ன பிறகு, சிகாலர் என்ற இல்லறத்தாருக்குப் புத்தர் சொன்ன உபதேசத்திலிருந்து கணவனுக்கு ஐந்து கடமை, மனைவிக்கு ஐந்து கடமை. மனைவியை மதிப்பது, இழிவாகப் பேசாதது, துரோகம் செய்யாதது, வீட்டு அதிகாரத்தை அவளிடம் விடுவது, நகை வாங்கித் தருவது. இதுதான் கணவன் பட்டியல். எவ்வளவு பழைய காலத்து ஆள் எவ்வளவு நடைமுறையாக யோசித்திருக்கிறார் பாருங்கள். நகையை விட்டுவிட்டு வேறு ஏதாவது எழுதிக்கொள்ளலாம், அமைப்பு மட்டும் அருமையானது.

சர்ச்சில் வேலை கறாராக இருக்கும். கத்தோலிக்கக் கோயிலில் மூன்று முறை ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்த பிறகு, முழு சம்மதத்தோடு வந்தீர்களா என்பதில் ஆரம்பித்து குருவானவர் கேள்வி கேட்பார். பிறகு இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும் என்று இருவரும் ஒரே வாக்கை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இதில் கை வைக்க முடியாது, வைக்க வேண்டிய தேவையும் எனக்குத் தெரியவில்லை. இருவருக்கும் ஒரே வாசகம், சபைக்குப் புரிகிற மொழி. சொந்தமாக எழுத ஆசைப்பட்டால் மன்றாட்டுகளில் எழுதலாம், மீதியை மாலை வரவேற்பில் சொல்லலாம். நிக்காஹ் ஒப்பந்தம் என்பதால் கேள்வி, சம்மதம், மஹர் (மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் மணக்கொடை), சாட்சி என்று சுருக்கமாக முடியும். இனிப்பான வார்த்தைக்கு அங்கே வேலையில்லை. ஆனால் நிபந்தனைகளை எழுதிச் சேர்க்க இடமுண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. நிக்காஹ் நடத்தி வைக்கும் ஹஜ்ரத்திடம் முன்னாடியே பேசிக்கொள்ளுங்கள்.

வேறு வேறு மதத்துக்காரர்கள், யாரும் மதம் மாறாமல் கல்யாணம் என்றால் சிறப்புத் திருமணச் சட்டம் 1954. முப்பது நாள் நோட்டீஸ், மூன்று சாட்சிகள். பதிவு அதிகாரி முன் இன்னாரை என் சட்டப்படியான மனைவியாக, கணவராக ஏற்கிறேன் என்ற ஒரு வரியை, இருவருக்கும் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும். கையெழுத்து போடும் இடமாகவே பலர் அதை நினைப்பதால், அந்த வரியை அவசர அவசரமாகச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். கூட நாலு பேரை அழைத்துப்போய் நிறுத்தி நிதானமாகச் சொன்னால் அதுவே நல்ல கல்யாணம்.

எந்த முறையில் நடந்தாலும், 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் பதிவு கட்டாயம். 90 நாளுக்குள் செய்துவிடுங்கள். அழைப்பிதழில் இரண்டு பத்திரிகையைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், பதிவுக்குக் கேட்பார்கள்.

சரி, சொந்த உறுதிமொழி எழுதுவது என்று முடிவாகிவிட்டது. என்ன எழுதுவது? வாக்கு எப்படிப்பட்டது என்பதற்கு நம் ஊரிலேயே கதை இருக்கிறது. சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தபோது, உன்னைப் பிரியேன் என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. அவருக்குத் திருவாரூரில் பரவையார் இருக்கிறார். அதனால் கோயிலுக்குள் சத்தியம் செய்யும்போது நீ மகிழ மரத்துக்குப் போய்விடு என்று சிவனிடமே ஏற்பாடு செய்கிறார். சிவனோ சங்கிலியாரிடம் சொல்லி மகிழ மரத்தடியிலேயே சத்தியம் வாங்க வைத்துவிடுகிறார். பிறகு வாக்கை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்குக் கண் போய்விடுகிறது. பெரிய புராணம் சொல்லும் இந்தக் கதை, இன்றும் மாசி உற்சவத்தில் மகிழடி சேவையாக நடக்கிறது. கடவுளின் தோழருக்கே "ஒருபோதும்" என்ற சொல் அவ்வளவு கனமாக இருந்திருக்கிறது.

கடைக்கு வரும் எழுத்துகளில் முக்கால்வாசி இந்த ஒருபோதும் ரகம்தான். இப்படி ஒன்று: "உன் கண்ணில் ஒரு துளி நீர் வர விடமாட்டேன். ஏழேழு பிறவியிலும் உன் நிழலாக வருவேன். என் உயிர் உள்ளவரை உன் புன்னகையே என் சுவாசம்." இதைப் படிக்கும் பையனின் பெயரை மாற்றினாலும் எதுவும் மாறாது. இன்னொரு ஜோடி எழுதி வந்தது வேறு மாதிரி. பெண் ஆஸ்பத்திரி நர்ஸ், பையன் துறைமுகத்தில் வேலை. பையன் எழுதியதன் சாரம் இது: "சம்பளம் வந்த அன்றே எவ்வளவு என்று சொல்வேன். நைட் டியூட்டி முடிந்து நீ தூங்கும்போது வீட்டுக்கு யார் வந்தாலும் நான் பார்த்துக்கொள்வேன், உன்னை எழுப்ப மாட்டேன். கோபம் வந்தால் வெளியே போய் நின்றுவிட்டு வருவேன், ஆனால் அன்றைக்கே வருவேன்." அச்சுக் கோக்கும் பையன் வேலையை விட்டுவிட்டு அதைத் திரும்பப் படித்தான். முதலாவதில் கைதட்டல் வரும், இரண்டாவதில் பெண்ணின் அம்மா மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்ப்பார். என் ஓட்டு இரண்டாவதுக்கு.

அதே ஜோடிக்கு ஒரு சிக்கலும் வந்தது. அவர் கார்டில் "நீ", அவள் கார்டில் "நீங்கள்". வீட்டில் எப்படிக் கூப்பிட்டாலும் சரி, மேடையில் இது ஒரு மாதிரி தெரியும். இருவரும் "நீங்கள்" என்று மாற்றினால் மாப்பிள்ளை வெட்கப்படுகிறார், இருவரும் "நீ" என்றால் மாமியாருக்கு மனசு வராது. சட்டத்துக்கான முதல் வரியில் இருவரும் பெயரைச் சொல்லி ஏற்பது, அதன் பிறகு வரும் சொந்த வரிகளில் அவரவர் பழக்கப்படி பேசுவது என்று வைத்தோம். முதல் வரி இருவருக்கும் ஒன்றாக இருக்கட்டும்: "உறவினரும் நண்பர்களும் சாட்சியாக, நான் இன்று இன்னாரை என் மனைவியாக (பெண் சொல்லும்போது கணவராக) ஏற்கிறேன், சுகத்திலும் கஷ்டத்திலும் சரிபாதியாக இருப்பேன்." மனைவி, கணவர் என்ற சொற்களை ஒருமுறையாவது சொல்லிவிடுங்கள். இணையர், துணை எல்லாம் அதற்குப் பிறகு எத்தனை வேண்டுமானாலும்.

ஆளுக்கு மூன்று வாக்குப் போதும். பேசக் கூச்சப்படுகிறவர்களுக்கு இன்னொருவர் கேள்வியாகக் கேட்டு, இவர் "சம்மதம்" என்று சொல்லும் முறை வசதி. எழுதியதை முதல் நாளே ஒருவருக்கொருவர் காட்டிவிடுங்கள்; ஒருவர் மூன்று வரியும் மற்றவர் மூன்று பக்கமும் வைத்துக்கொண்டு நிற்கும் கல்யாணம் பார்க்கச் சங்கடமாக இருக்கும். போனைப் பார்த்துப் படிக்காதீர்கள், சரியாக அந்த நேரத்தில்தான் சமையல்காரர் கூப்பிடுவார். கார்டில் எழுத்து பெரிதாக இருக்கட்டும், லேமினேஷன் வேண்டாம். வீடியோ லைட் பட்டு ஒன்றும் தெரியாது. மேளக்காரரிடம் மட்டும் தனியாகப் போய்ச் சொல்லிவிடுங்கள், யாராவது கையை உயர்த்தினாலே அவர் கெட்டிமேளம் தொடங்கிவிடுவார்.