மாரத்தானில் பேஸ் பிடிப்பது: நான்கு ஃபுல் ஓடிய பிறகு கையில் நின்றது

கோவை ரேஸ் கோர்ஸை ஒரு சுற்று வந்தால் இரண்டரை கிலோமீட்டர். நான் ஓடக் கற்றுக்கொண்டது அங்கேதான். விடியற்காலைக் குளிரில், சமதளத்தில், ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப ஓடும்போது பேஸ், அதாவது ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்ற வேகக் கணக்கு, ரொம்பச் சுலபமான விஷயமாகத் தெரியும். ஒரு சுற்று 15 நிமிடம் என்றால் கிலோமீட்டருக்கு 6 நிமிடம். அவ்வளவுதான் கணக்கு. அந்த நம்பிக்கையோடுதான் முதல் ஃபுல் மாரத்தானுக்கு, அதாவது 42.195 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு, பதிவு செய்தேன். 2023 ஜனவரியிலிருந்து 2025 ஜனவரி வரை நான்கு ஃபுல் ஓடியிருக்கிறேன். நான்கையும் நான்கு விதமான பேஸ் முறையில் ஓடிப் பார்த்தேன். வயது 43, எடை 70 கிலோ, வாரத்துக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் ஓட்டம். வேலைக்கும் போய்க்கொண்டு ஃபுல்லுக்கும் தயாராகிறவர்களுக்கு என் கணக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

முதலாவது சென்னை, 2023 ஜனவரி. அதற்கு முன்பு கோவையில் ஒரு ஹாஃபை, அதாவது அரை மாரத்தானை, 2 மணி 5 நிமிடத்தில் முடித்திருந்தேன். பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் கொடுத்த சூத்திரம் ஒன்று ஓட்டக்காரர்களிடையே பிரபலம். தூரம் எத்தனை மடங்கு கூடுகிறதோ அந்த எண்ணை 1.06 அடுக்குக்கு உயர்த்தி, பழைய நேரத்தோடு பெருக்க வேண்டும். என் 2:05-ஐப் போட்டால் ஃபுல்லுக்கு 4:20 வந்தது, அதாவது கிலோமீட்டருக்கு 6:10. சரி, அதுதான் இலக்கு என்று எழுதி வைத்துக்கொண்டேன்.

அன்று முதல் பத்து கிலோமீட்டரை 5:58 சராசரியில் ஓடினேன். வேகமாக ஓட வேண்டும் என்று நினைத்து ஓடவில்லை. மூன்று வாரம் ஓட்டத்தைக் குறைத்து ஓய்வெடுத்த கால், சுற்றிலும் ஆயிரக்கணக்கானவர்கள், இருட்டு, கைதட்டல் எல்லாம் சேர்ந்து அந்த வேகத்தை ஜாகிங் மாதிரி உணர வைத்தன. பாதித் தூரத்தை 2:08-ல் தாண்டியபோது இரண்டு நிமிடம் கையில் மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். 27-ல் தொடை கனத்தது. 33-ஆவது கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 40 விநாடி ஆனது. அந்தக் கிலோமீட்டர் எனக்கு இன்னும் அங்குலம் அங்குலமாக நினைவிருக்கிறது. தண்ணீர் மேஜை எதிரில் தெரிகிறது, நூறு மீட்டர்கூட இருக்காது. இடது கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்துக்கொள்ள, சாலை நடுத் தடுப்பில் கையை ஊன்றி நிற்கிறேன். சட்டை நுனியிலிருந்து வியர்வை சொட்டுச் சொட்டாக ஷூவுக்குள் இறங்குகிறது. ஷூ நடக்கும்போது சளக் சளக் என்றது. இரண்டாம் பாதிக்கு 2:48. மொத்தம் 4:56.

வீட்டுக்கு வந்து தரவைப் பார்த்தபோதுதான் புரிந்தது. கோவையில் 6:10 ஓடினால் என் இதயத் துடிப்பு 152. சென்னையில் அதே 6:10-க்கு 163. ஜனவரி என்றாலும் சென்னைக் காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும், சொட்டி விழுந்தால் குளிராது. சூட்டை வெளியேற்ற ரத்தம் தோலுக்குப் போகிறது, தசைக்குக் குறைகிறது. வியர்வையில் நீர் இறங்க இறங்க ரத்தத்தின் அளவும் குறைகிறது. அதே வேகத்தைக் காக்க இதயம் இன்னும் வேகமாக அடிக்க வேண்டியிருக்கிறது. கோவையிலிருந்து இரண்டு நாள் முன்னதாகப் போய் அறை எடுத்துத் தங்கினால் உடம்பு பழகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பழகாது, அதற்கு ஒன்று முதல் இரண்டு வாரம் வேண்டும். வேகத்தை உள்ளூர்க் காற்றுக்கு ஏற்பக் குறைத்து எழுதுவதுதான் நம்மால் ஆகக்கூடியது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். எனக்கு 42 கிலோமீட்டருக்குச் சுமார் 2,900. உடம்பு கிளைகோஜனாக, அதாவது மாவுச்சத்திலிருந்து கிடைக்கும் எரிபொருளாக, சேர்த்து வைத்திருப்பது ஏறத்தாழ 2,000 கலோரி அளவுதான். மீதி கொழுப்பிலிருந்தும் வழியில் சாப்பிடுவதிலிருந்தும் வர வேண்டும். வேகம் கூடக் கூட உடம்பு கொழுப்பை விட்டுவிட்டுக் கிளைகோஜனை அதிகமாக எடுக்கும். முதல் பத்தில் கிலோமீட்டருக்கு 12 விநாடி வேகமாக ஓடிய நான், கடைசிப் பத்துக்கு வைத்திருக்க வேண்டியதை அங்கேயே செலவழித்துவிட்டேன். 30-ஐ ஒட்டி எல்லோரும் சொல்கிற 'வால்' (wall), அதாவது சுவரில் மோதியதுபோல் கால் நின்றுபோவது, பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. ஹாஃபில் இந்தத் தவறு மன்னிக்கப்பட்டுவிடும். அதனால்தான் ஹாஃப் நேரத்தை வைத்து ஃபுல்லைக் கணிப்பது வாரத்துக்கு 50 கிலோமீட்டர் ஓடும் நம்மைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் அதிக நம்பிக்கை தருகிறது. இப்போது நான் சூத்திரம் சொல்வதோடு பத்து நிமிடம் சேர்த்துத்தான் இலக்கு வைக்கிறேன்.

அடுத்த வருஷம் முழுக்க இதயத் துடிப்பை வைத்துப் பயிற்சி. முதலில் வாட்சின் மணிக்கட்டு சென்சாரை நம்பினேன். மெதுவான ஓட்டத்தில்கூட 172 காட்டியது. நிமிடத்துக்கு என் காலடி எண்ணிக்கையும் அதே 172. கை அசைவையே துடிப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆனது. மார்பில் கட்டும் பட்டை வாங்கிய பிறகு அந்தத் தொல்லை போனது. இரண்டு வருஷமாக அதே பட்டைதான். நாணயம் மாதிரி இருக்கும் பேட்டரியை இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். ஓடி முடித்ததும் பச்சைத் தண்ணீரில் அலசிக் காயப்போட்டால் நன்றாக உழைக்கிறது. கட்டும்போது சென்சார் இடத்தைத் தண்ணீரால் நனைக்க மறந்தால் முதல் பத்து நிமிடம் எண் தாறுமாறாக வரும்.

பயிற்சிக்கு இது கொடுத்த பலன் பெரியது. 180-இல் வயதைக் கழித்து வரும் துடிப்பைத் தாண்டாமல் ஓடச் சொல்வார் ஃபில் மாஃபெட்டோன் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர். எனக்கு அது 137. ஆரம்பத்தில் அந்த எல்லைக்குள் இருக்க 8 நிமிட பேஸில் போக வேண்டியிருந்தது. பக்கத்தில் நடப்பவர்களைத் தாண்டவே நேரம் பிடித்தது. நான்கு மாதம் பொறுத்தேன், அதே 137-க்கு 7:15 வந்தது. நம்மில் பலரும் ஈஸி ரன்னை வேகமாக ஓடி, களைத்த காலோடு ஞாயிற்றுக்கிழமை லாங் ரன்னுக்கு வருகிறோம். பேஸ் பிடிக்கும் பழக்கம் அந்தச் செவ்வாய்க்கிழமை மெதுவோட்டத்திலேயே தொடங்கிவிடுகிறது.

ஆனால் போட்டியில் துடிப்பை மட்டும் நம்பியது சரியாக வரவில்லை. இரண்டாவது ஃபுல் மும்பை, 2024 ஜனவரி. 155-ஐத் தாண்டக் கூடாது என்று முடிவெடுத்துப் போனேன். முதல் பாதி 2:17, அழகாகப் போனது. 30-க்கு மேல் வேகம் அப்படியே இருந்தும் துடிப்பு தானாக ஏறிக்கொண்டே வந்தது. திரும்பி வரும்போது பெடர் ரோடு ஏற்றம் காத்திருக்கும். அங்கே 160 காட்டியதும் விதிப்படி நடந்தேன். கால் நன்றாகத்தான் இருந்தது, மூச்சும் இருந்தது, எண்ணுக்குப் பயந்து நடந்தேன். 4:41. முதல் ஃபுல்லைவிடக் கால் மணி நேரம் குறைவு, சுளுக்கு இல்லை, வலி இல்லை. ஆனாலும் கொஞ்சம் தெம்பு செலவாகாமலே வீட்டுக்கு வந்துவிட்டது. நீண்ட ஓட்டத்தில் துடிப்பு மெல்ல ஏறுவது இயல்பு. துடிப்பு எல்லை முதல் 25 கிலோமீட்டருக்கு அருமையான கடிவாளம். அதற்குப் பிறகு அதைத் தளர்த்திவிட வேண்டும்.

குறித்த நேரத்தில் முடிக்கும் வேகத்தில் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு ஓடும் பேசர்களைப் (pacer) பற்றியும் சொல்ல வேண்டும். இடையில் ஒரு ஹாஃபில் 2:10 என்று எழுதிய பலூனோடு ஓடியவர் பின்னால் சேர்ந்துகொண்டேன். 6:10-ல் போக வேண்டியவர், முதல் பத்தை 5:50-ல் இழுத்துப் போனார். "முன்னாடியே கொஞ்சம் நேரம் சேத்து வெச்சுக்கலாம்" என்றார். 15-இல் அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் இல்லை. நேரத்தை அப்படிச் சேமித்து வைக்க முடியாது, முன்னால் எடுத்த ஒவ்வொரு நிமிடத்துக்கும் பின்னால் மூன்று நான்கு நிமிடம் கட்ட வேண்டியிருக்கிறது. அதேசமயம், கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் இரண்டு விநாடிகூடப் பிசகாமல், பாட்டுப் பாடிக்கொண்டே கூட்டிப்போன பேசர்களோடும் ஓடியிருக்கிறேன். சம்பளம் இல்லாமல் தங்கள் ஓட்டத்தை அடுத்தவருக்குக் கொடுக்கிறவர்கள் அவர்கள், எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை. முதல் மூன்று கிலோமீட்டரில் அவருடைய வேகத்தை உங்கள் வாட்சில் சரிபார்த்துவிட்டுப் பிறகு ஒட்டிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஹைதராபாத், 2024 ஆகஸ்ட். ஒன்றன்பின் ஒன்றாக மேம்பாலங்கள். அங்கே சமமான பேஸ் என்ற பேச்சே எடுபடாது. அதனால் ஜெஃப் காலோவே பரப்பிய ஓட்டம்-நடை முறையை எடுத்துக்கொண்டேன். 1972 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக 10,000 மீட்டர் ஓடியவர் அவர். நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, முதல் நிமிடத்திலிருந்தே. முதல் நடையின்போது பின்னால் வந்தவர்கள் "என்னாச்சு?" என்று விசாரித்தார்கள், ஒரு மணி நேரத்தில் பழகிவிட்டது. 2:22, 2:26, மொத்தம் 4:48. அந்தப் பாதைக்கு இது நல்ல நேரம். அதைவிட, செவ்வாய்க்கிழமை ஆபீஸ் மாடிப்படியைக் கைப்பிடி பிடிக்காமல் இறங்கினேன். முதல் ஃபுல் முடிந்த வாரம் பின்பக்கமாகத்தான் இறங்கினேன். முதல் ஃபுல் ஓடப்போகிறவர், முழங்கால் தொந்தரவு உள்ளவர், ஐந்து மணி நேரத்துக்கு மேல் எடுக்கப்போகிறவர் யாராக இருந்தாலும் நான் முதலில் சொல்வது இந்த முறையைத்தான். கூட்டம் நெருக்கும்போது ஓரமாக வந்து, கையைத் தூக்கிக் காட்டிவிட்டு நடக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருகிறவர் இடிப்பார்.

நான்காவது மறுபடியும் சென்னை, 2025 ஜனவரி. எங்கள் குழுவில் எல்லோரும் அண்ணா என்று கூப்பிடும் ஒருவர் இருக்கிறார், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லாங் ரன்னில் பக்கத்தில் வந்துகொண்டே, "தம்பி, பேச முடியுதுங்களா?" என்று கேட்பார். முழு வாக்கியமாகப் பதில் வராவிட்டால், "அப்பக் கொஞ்சம் குறைங்க" என்பார். என் திட்டத்தை அவரிடம் காட்டினேன். முதல் ஐந்து கிலோமீட்டர் 6:40, அதற்கு மேல் 6:20, தண்ணீர் மேஜைகளில் முக்கால் நிமிடம் நடை, 40 நிமிடத்துக்கு ஒரு ஜெல் (பாக்கெட்டில் வரும் சர்க்கரைக் கூழ்). இலக்கு 4:30. "6:40-ல வெறுப்பா இருக்கும், பரவாயில்லைங்க" என்றார்.

வாட்சையும் வேறு மாதிரி பயன்படுத்தினேன். அந்தந்த நொடியின் பேஸைக் காட்டும் எண்ணைத் திரையிலிருந்தே எடுத்துவிட்டேன். உயரமான கட்டடங்களுக்கும் மேம்பாலங்களுக்கும் நடுவே அது 5:40-க்கும் 7:10-க்கும் துள்ளிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கிலோமீட்டர் பலகையிலும், அந்தக் கிலோமீட்டரின் நேரத்தைத் தனியாகக் காட்டும் லேப் பட்டனை நானே அமுக்கினேன். பாதையை அளப்பவர்கள் வளைவுகளின் உள்ஓரத்தை ஒட்டி, ஆகக் குறுகிய கோட்டில் அளக்கிறார்கள். நாம் அப்படி ஓடுவதில்லை, ஜிபிஎஸ் பிழையும் சேரும். என் வாட்சில் ஃபுல் என்றால் 42.6 கிலோமீட்டர் அளவில்தான் முடிகிறது. வாட்ச் சொல்லும் 6:24-ஐ நம்பி 4:30-க்கு ஓடினால், இரண்டரை நிமிடம் தாமதமாகத்தான் கோட்டைத் தொடுவோம். வாட்சில் 6:20 காட்ட வேண்டும். இந்த ஒரு கணக்கு தெரியாமல் நல்ல இலக்கை நூலிழையில் விட்டவர்கள் எங்கள் குழுவிலேயே மூன்று பேர்.

இடது முன்கையில் பால்பாயிண்ட் பேனாவால் நான்கு எண்கள் எழுதி, மேலே செல்லோடேப் ஒட்டிக்கொண்டேன். 10-க்கு 1:05, பாதிக்கு 2:15, 30-க்கு 3:12, 40-க்கு 4:15. அண்ணா சொன்னது உண்மை, முதல் ஐந்து கிலோமீட்டர் பெரிய சோதனை. அலை அலையாக ஆட்கள் தாண்டிப் போனார்கள். என்னோடு ரயிலில் வந்த நண்பர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். நான் பார்த்தது துடிப்பை மட்டும்தான், 148. பத்தாவது பலகையில் 1:05:10. பாதியில் 2:15:20. 25 தாண்டியதும் துடிப்பு எல்லையைத் தளர்த்திவிட்டு மூச்சை மட்டும் கவனித்தேன். டேப்புக்குள் வியர்வை புகுந்து 3:12 என்பது மங்கிவிட்டது, மனப்பாடமாக இருந்ததால் பாதகமில்லை. 33-ஆவது கிலோமீட்டருக்கு லேப் அமுக்கியபோது 6:18. இரண்டு வருஷம் முன்பு இதே ஊரில் இதே எண்ணிட்ட பலகைக்கு 8:40. தொண்டை அடைத்தது. இரண்டாம் பாதி 2:13:50, மொத்தம் 4:29:10.

இரண்டாம் பாதி ஒன்றரை நிமிடம்தான் குறைவு. அதுவே நிறைய. கெல்வின் கிப்டம் 2023-இல் சிகாகோவில் 2:00:35 ஓடி உலக சாதனை செய்தபோது அவருடைய பாதிகள் 60:48, 59:47. அதற்கு முந்தைய சாதனையான கிப்சோகேயின் 2022 பெர்லின் ஓட்டத்தில் 59:51, 61:18, அதாவது பின்பாதிதான் அதிகம். எப்படிப் பார்த்தாலும் இரண்டு பாதிக்கும் நடுவே ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போகவில்லை. நெகட்டிவ் ஸ்ப்ளிட், அதாவது முன்பாதியைவிடக் குறைந்த நேரத்தில் பின்பாதி, வர வேண்டும் என்று முன்பாதியில் ஏழெட்டு நிமிடம் விட்டுக்கொடுப்பதும் தேவையில்லை.

இன்னும் எனக்குப் பிடிபடாதது இறக்கம். மேம்பாலத்தில் இறங்கும்போது எவ்வளவு விடலாம், எப்போது தொடை அடி வாங்கும் என்பது ஒவ்வொரு முறையும் தப்பாகிறது. இந்த மழைக்காலம் முடிந்ததும் மருதமலைச் சாலையில் ஏறி இறங்கிப் பழகலாம் என்றிருக்கிறேன். அடுத்த ஃபுல்லுக்குப் பதிவு செய்தாகிவிட்டது. கையில் 10-க்கு நேராக 1:04 என்று எழுதலாமா என்று அண்ணாவிடம் கேட்டேன். "எழுதிக்குங்க தம்பி. முதல் அஞ்சுல இருந்து மட்டும் எடுக்காதீங்க" என்றார்.