பாலைப்பழம் சரி, கடல் இரைச்சல் வேண்டாம்: கிளிநொச்சியில் ஒரு மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு

மகளுக்கு அடுத்த வருசம் ஓ.எல். சோதனை. இரவில் நித்திரை இல்லை, விடிய எழும்பினால் எரிச்சல். ரியூசன் போதாதென்று இதுவும் ஒரு வகுப்பா என்று இவர் கேட்டார்தான், நான் காதில் போடவில்லை. கிளிநொச்சி டவுனில் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு மைண்ட்ஃபுல்னஸ், அதாவது மூச்சு, உடம்பு என்று இந்த நேரத்தில் நடக்கிறதை ஆறுதலாகக் கவனிக்கப் பழக்குகிற வகுப்பு. ஆறு சனிக்கிழமை, 3,000 ரூபாய். விசுவமடுவில் இருந்து பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனதால் ஆறு நாளும் பின்வாங்கில் நானும் இருந்து பார்த்தேன்.

முதல் நாளே எனக்குப் பிடித்துவிட்டது. 1979இல் அமெரிக்காவில் ஜோன் கபட்-சின் தொடங்கிய பயிற்சியில் ஒரு உலர்ந்த திராட்சையை ஆறுதலாகச் சாப்பிட வைப்பார்களாம். இங்கே மிஸ் ஆளுக்கொரு பாலைப்பழம் தந்தா. ஒரு பழத்துக்கு மூன்று நிமிசம். தோல் வெடிக்கிறது, இனிப்பு பரவுகிறது, கொஞ்சத்தில் பால் உதட்டில் பிசினாக ஒட்டுகிறது, எல்லாவற்றையும் கவனிக்கவேண்டும். வீட்டில் கோப்பையோடு அள்ளிப் போடுகிறவள், "அம்மா, கொட்டை இவ்வளவு மினுக்கமா?" என்றாள்.

மூன்றாம் கிழமைதான் பிழையாய்ப் போனது. மிஸ் ஒரு ரெக்கோர்டிங் போட்டா. எல்லாரும் கண்ணை மூடுங்கோ, அமைதியான கடற்கரையில் இருக்கிறீர்கள், அலைச்சத்தத்தைக் கேளுங்கோ என்று ஒரு குரல். எங்கேயோ செய்ததை அப்படியே கொண்டுவந்து வன்னியில் போட்டால் சரியா? இந்தப் பிள்ளைகள் 2009க்குப் பிறகு பிறந்ததுகள், ஆனால் எந்த வீட்டில் கடற்கரைக் கதை இல்லை? முள்ளிவாய்க்கால் மணலில் கிடந்து வந்த நான் அந்தச் சத்தத்துக்கு எழும்பி வெளியே போய்விட்டேன். ஒரு பிள்ளை கண்ணை மூட மாட்டேன் என்று இருந்தது, மிஸ் இரண்டு தரம் வற்புறுத்தினா. கண்ணைத் திறந்துகொண்டு தரையைப் பார்த்தபடி இருக்கலாம், பயமென்றால் நிறுத்தலாம் என்று முதலே சொல்லவேண்டிய விசயம் அது. வகுப்பு முடியச் சொன்னேன். குறை சொல்லக்கூடாது, கேட்டுக்கொண்டா, அடுத்த கிழமை அந்த ரெக்கோர்டிங் வரவில்லை, மூச்சைக் கவனிப்பதற்குப் பதிலாகப் பாதம் நிலத்தில் படுவதைக் கவனிக்கச் சொன்னா.

விளம்பரத்தில் படிப்பு, மனச்சோர்வு எல்லாத்துக்கும் மருந்து மாதிரிப் போட்டிருக்கிறார்கள். அது கூடிப்போனது. பிரித்தானியாவில் 85 பள்ளிக்கூடங்களில் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளை வைத்து இந்தப் பயிற்சியைப் பரிசோதித்துப் பார்த்து 2022இல் முடிவு வெளியிட்டார்கள். வழமையான பாடத்தைவிட இது பெரிதாக உதவவில்லை, வீட்டில் செய்து பார்த்த பிள்ளைகளும் குறைவு. என் மகளும் வீட்டில் செய்வதில்லை. ஆனால் கணக்குச் சோதனைத் தாள் தருமட்டும் பாதத்தைக் கவனித்துக்கொண்டு இருந்தாளாம், கை நடுங்கவில்லையாம். நித்திரை பழையபடிதான். உண்மையாகவே மனம் உடைந்த பிள்ளை என்றால் இதை நம்பி இருக்காமல் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.

மண்டபம் வெக்கை, ஃபேன் ஒன்றுதான். சேர்ப்பதென்றால் முதல் இரண்டு நாள் நீங்களும் இருந்து பாருங்கோ. பாலைப்பழ நாளுக்குத் துணி கொண்டுபோகத் தேவையில்லை, உதட்டுப் பிசின் எடுக்கத் தேங்காய் எண்ணெய் மிஸ்ஸே வைத்திருக்கிறா.