ஹான்லே செல்வோர் கவனத்திற்கு: வாடகைத் தொலைநோக்கியும் அதற்கு நடந்த 'சர்வீஸ்' வேலையும்

லடாக்கின் ஹான்லேவுக்கு நட்சத்திரம் பார்க்கச் செல்பவர்களில் பலர் லே நகரிலேயே தொலைநோக்கியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்பதால், அக்டோபர் பயணத்தில் எங்கள் குடும்பத்திற்கு நேர்ந்ததை இங்கே விரிவாகப் பதிவு செய்கிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் வாடகைக்கு விட்டவர்களின் பெயரைக் குறிப்பிடவில்லை.

எட்டு அங்குல ஷ்மிட்-காஸக்ரைன் வகைத் தொலைநோக்கி (முன்னே ஒரு கண்ணாடித் தகடும் உள்ளே இரண்டு ஆடிகளும் கொண்டது), அதைத் தானாகவே நட்சத்திரத்தை நோக்கித் திருப்பும் மோட்டார் தாங்கி, உடன் வரும் ஒரு டெக்னீஷியன் ஆகியவற்றுக்கு வாடகை தனியாகவும், திருப்பித் தரப்படும் முன்பணமாக 15,000 ரூபாயும் வாங்கிக்கொண்டார்கள். புறப்படுவதற்கு முன் கருவியை ஒருமுறை இயக்கிக் காட்டும்படி கேட்டபோது, பெட்டியைத் திறந்தால் தூசி புகுந்துவிடும் என்று மறுத்துவிட்டார்கள். இந்த மறுப்பின் பொருள் ஹான்லேவில்தான் விளங்கும். லேயிலிருந்து 250 கிலோமீட்டருக்கும் அதிகமான மலைப்பாதையைக் கடந்து, 4,000 மீட்டருக்கு மேல் உள்ள அந்தக் கிராமத்தை அடைந்தபின் கருவி பழுதென்று தெரிந்தால், மாற்றுக் கருவி வாங்கக் கடை கிடையாது. வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் இயங்காது என்பதால் பலருக்குத் தொலைபேசியில் முறையிடும் வழிகூட இருக்காது.

முதல் கோளாறு மின்சாரத்தில் தொடங்கியது. மோட்டார் வேகமெடுக்கும் ஒவ்வொரு முறையும் கைக்கட்டுப்பாட்டுக் கருவி அணைந்து மீண்டும் தொடக்கத் திரைக்கே வந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்தவை சாதாரண ஏஏ பேட்டரிகள்; கடுங்குளிரில் அவற்றின் திறன் வெகுவாகக் குறைந்துவிடும் என்பதும், மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும்போது மின்னழுத்தம் சரிந்துவிடும் என்பதும் இத்தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாத செய்தியல்ல. 12 வோல்ட் பவர் பேங்க் ஒன்றைக் கட்டாயம் கொடுத்திருக்க வேண்டும். கடைசியில் வண்டியின் சிகரெட் லைட்டர் துளையிலிருந்து மின்சாரம் எடுத்துச் சமாளித்தோம்.

அடுத்து, மேற்கே உயரத்தில் ஒளிர்ந்துகொண்டிருந்த வேகா நட்சத்திரத்தைக் காட்டச் சொன்னால், கருவி வடகிழக்கு அடிவானத்து மலையை நோக்கித் திரும்பி நின்றது. உயரமான இடத்தில் கருவி குழம்பிவிடும் என்றும், கூடுதல் கட்டணம் செலுத்தினால் தன்னிடமுள்ள ஜிபிஎஸ் துணைக்கருவியைப் பொருத்தித் தருவதாகவும் டெக்னீஷியன் சொன்னார். உடன் வந்த என் மைத்துனர் திரையை வாங்கிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. மாதத்தை முதலில் கேட்கும் அந்தக் கருவியில் அக்டோபர் 5 என்ற தேதியை 05/10 என்று உள்ளிட்டிருந்ததால், அது மே 10ஆம் தேதியின் வானத்தைத் தேடிக்கொண்டிருந்தது. நட்சத்திரங்களின் நிலை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு பாகை மாறுவதால், ஐந்து மாதப் பிழை வானத்தில் ஏறத்தாழ 145 பாகைப் பிழையாகிவிடும். தேதியைத் திருத்தி, நேர மண்டலம் +5:30 என்றிருப்பதை உறுதிசெய்து, கோடைக்கால நேர மாற்றத்தை அணைத்ததும் வேகா பார்வைக்குள் வந்தது. கூடுதல் கட்டணம் கேட்ட பேச்சு அத்துடன் நின்றது.

இதுவரை நடந்தவற்றைத் திறமையின்மை என்று சொல்லி மன்னித்துவிடலாம். நள்ளிரவு நெருங்கும்போது நடந்ததை அப்படி விட முடியாது. குழாயின் முன்பக்கக் கண்ணாடித் தகட்டில் உறைபனி படியத் தொடங்கியது. பனித்தடுப்பு உறை மாட்டுவதும், சூடேற்றும் பட்டை சுற்றுவதும்தான் அதற்கான வழிகள். இரண்டும் பெட்டியில் இல்லை. நான் தடுக்கத் தடுக்க, கைபேசியின் வெள்ளை வெளிச்சத்தில் (இரவில் செயற்கை வெளிச்சம் கட்டுப்படுத்தப்பட்ட இருள்வானக் காப்பகத்திற்குள் அதுவே ஒரு தவறுதான்) டெக்னீஷியன் திருகுகளைக் கழற்றி, தகட்டை வெளியே எடுத்து, திரை துடைக்கும் திரவத்தால் தேய்த்தார். விளிம்பில் இருந்த மெல்லிய தாங்கு துண்டுகள் கீழே விழுந்ததையும் பொருட்படுத்தாமல் தகட்டை மீண்டும் மாட்டினார்.

அந்தத் தகடு வெறும் மூடி அல்ல. கோள வடிவ முதன்மை ஆடியின் பிழையை ஈடுசெய்ய நுட்பமாக இழைக்கப்பட்ட வில்லை அது; தொழிற்சாலையில் ஆடிகளோடு பொருத்தம் பார்த்துக் குறிப்பிட்ட சுழற்சி நிலையில் வைக்கப்படுவது. எடுக்குமுன் விளிம்பில் ஓர் அடையாளம் இட்டு, அதே நிலையில் திரும்ப வைக்க வேண்டும். அவர் அப்படிச் செய்யாததால், அதன்பிறகு எந்த நட்சத்திரமும் புள்ளியாகக் குவியவில்லை. சனியின் வளையம் மங்கிய கறைபோலத் தெரிந்தது.

மறுநாள் இரவு எங்களைக் காப்பாற்றியவர் கிராமத்துப் பெண் ஒருவர். 2022 இறுதியில் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இப்பகுதியில், இந்திய வானியற்பியல் நிறுவனம் உள்ளூர் மக்களுக்குப் பயிற்சியும் தொலைநோக்கியும் அளித்து வானியல் தூதர்களாக்கியிருக்கிறது. அவர் அவர்களுள் ஒருவர். எங்கள் கருவியில் நட்சத்திரமொன்றைக் குவியத்திற்கு முன்னும் பின்னுமாக நகர்த்திக் காட்டினார். முன்னே கிடைமட்டமாக நீண்ட முட்டை வடிவம், பின்னே செங்குத்தாக நீண்டது. ஆடிகளின் அச்சு மட்டும் விலகியிருந்தால் குவியம் விலகிய நட்சத்திர வட்டத்தின் நடுவிலுள்ள நிழல் ஒருபக்கமாக ஒதுங்கித் தெரியும் என்றும், துணை ஆடியின் மூன்று திருகுகளைச் சிறிது சிறிதாகத் திருப்பி அதைச் சரிசெய்துவிடலாம் என்றும், இது தகட்டினால் வந்த கோளாறு என்பதால் திறந்த வெளியில் தொட மாட்டேன் என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டார். பின்னர் தம்முடைய டாப்சோனியன் (எளிய தாங்கியில் கையால் திருப்பும் தொலைநோக்கி) கருவியிலேயே ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தையும் சனியையும் எங்களுக்குக் காட்டினார். மோட்டாரும் பேட்டரியும் இல்லாத அந்தக் கருவி, கையால் தள்ளிய திசையில் சொன்னபடி திரும்பியது. அவருக்குக் கொடுத்த தொகை எங்கள் வாடகையோடு ஒப்பிட்டால் அற்பம்.

லே திரும்பியதும், வாடிக்கையாளர் குளிரில் வைத்துக் கருவியைக் கெடுத்துவிட்டார் என்று எழுதி முன்பணத்தை நிறுத்திவைத்ததோடு, 'இரவு நேர சர்வீஸ்' என்று 3,000 ரூபாயும் கேட்டார்கள். தகட்டைக் கழற்றியபோது என் மைத்துனர் எடுத்திருந்த காணொளியைக் காட்டியதும் அந்த 3,000 ரூபாய்ப் பேச்சு மறைந்தது. முன்பணத்தில் பாதி மட்டும் வந்தது.

ஆகவே, லேயிலேயே மாலை வெளிச்சத்தில் தொலைவிலுள்ள கோபுரத்தையும் இருட்டியபின் ஒரு நட்சத்திரத்தையும் பார்த்துச் சோதிக்க அனுமதிக்காதவர்களிடம் கருவி எடுக்காதீர்கள். தகட்டில் கைவைக்கக் கூடாது என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். பணம் சிக்கியிருப்பவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்யலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். அதற்காக லடாக் வரை போக வேண்டியதில்லை. மீதி 7,500 ரூபாய்க்கு நான் அந்த வழியில்தான் மனு கொடுத்திருக்கிறேன்.