இங்கிலாந்து வம்சாவளி எடுத்துத் தருகிறேன் என்பவர்களிடம் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

மாமனார் பிறந்தநாளுக்குக் கொடுக்கலாம் என்று, மனைவி வீட்டு வம்சாவளியை எடுத்துத் தர ஓர் ஆய்வாளரிடம் 600 பவுண்டு கட்டினோம். அவர்கள் யார்க்‌ஷயரில் ஹாலிஃபாக்ஸ் பக்கத்துக் குடும்பம். 1600கள் வரை போகும் அழகான வரைபடம் வந்தது, ஆனால் அதில் பாதிக்கு மேல் யாரோ ஒருவருடைய முன்னோர்கள்.

சந்தேகம் வந்து, வரைபடத்தில் இருந்த மனைவியின் முன்னோர் ஒருவரின் 1849 கல்யாணச் சான்றிதழை அரசுப் பதிவு அலுவலகத்தில் 12.50 பவுண்டுக்கு நாங்களே வாங்கினோம். மாப்பிள்ளைக்கு வயது 24, அப்பா நெசவாளர். இங்கே அரசுப் பிறப்புப் பதிவு தொடங்கியதே 1837 ஜூலையில்தான், அதற்கு முன்னால் பிறந்தவருக்கு தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடுதான் கதி. ஆய்வாளர் அதே பெயரில் 1825-ல் ஒரு ஞானஸ்நானத்தைக் கண்டதும் ஒட்டவைத்துவிட்டார். 1813 முதல் ஞானஸ்நானப் பதிவேடு அச்சிட்ட படிவம், அப்பாவின் தொழிலும் குடியிருந்த இடமும் அதிலேயே இருக்கும். இவர் ஒட்டவைத்த பதிவில் அப்பா கூலித் தொழிலாளி. சரி, தொழில் மாறியிருக்கலாம் என்று அதே தேவாலயத்தின் அடக்கப் பதிவேட்டைப் புரட்டினால் அதே பெயர், அதே இடம், 1827, வயது 2. அதாவது, அந்தக் குழந்தை அப்போதே இறந்துவிட்டது.

1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒவ்வொருவரும் பிறந்த ஊர் எழுதியிருக்கும், அதைப் பார்த்திருந்தாலே எங்களவர் வேறு ஊர்க்காரர் என்று தெரிந்திருக்கும், அந்த ஆள் அதைக்கூடத் திறக்கவில்லை.

பில்லைப் பார்த்தால் இன்னும் வயிறெரிகிறது. சான்றிதழ் ஒன்றுக்கு 'அரசுக் கட்டணம்' 35 பவுண்டாம். எங்களுக்கு வந்ததோ சான்றிதழே இல்லை, யாரும் காசில்லாமல் தேடக்கூடிய பதிவுப் பெயர் அட்டவணையின் ஸ்கிரீன்ஷாட்! பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு 'பழைய பதிவுகளில் கருத்து வேறுபாடு சகஜம்' என்று பதில். இரண்டு வயதில் புதைத்த குழந்தை விஷயத்தில் என்ன கருத்து வேறுபாடு? அதற்குள் சொந்தக்காரர்கள் அந்த வரைபடத்தை இணையத்தில் ஏற்றி, முன்பின் தெரியாதவர்கள் அதை அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டு, இப்போது ஒவ்வொருவராகக் கெஞ்சித் திருத்தச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

யாரிடம் கொடுத்தாலும் ஒவ்வொரு தலைமுறைக்கும் மூலப் பதிவேட்டின் படத்தைக் கேளுங்கள். 1837-க்கு முந்தைய ஆள் என்றால், அந்தக் குழந்தை சிறுவயதில் இறந்துவிடவில்லை என்று அடக்கப் பதிவேட்டில் பார்த்தீர்களா என்று நேராகவே கேளுங்கள். அப்புறம், முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள், பாதியைப் படங்கள் கைக்கு வந்த பிறகு கொடுத்தால் போதும்.