பொட்டாசியம் சல்பேட்: ஸ்ட்ரோபெரிக்குப் போட்டுவரும் அனுபவம்

பொட்டாசியம் போட்டால் பழம் இனிக்கும் என்று பசளைக் கடையில் சொல்வது பாதி உண்மை. நுவரெலியாவுக்குப் பக்கத்துக் கந்தப்பளையில் பொலித்தீன் கூடாரத்துக்குள் ஸ்ட்ரோபெரி செய்கிறேன். சில வருடங்களாகப் பொட்டாசியம் சல்பேட்தான் பாவிக்கிறேன். இனிப்பு கூடியது, கூடவே புளிப்பும் கூடியது.

இலையில் உருவாகும் சீனியைப் பழத்துக்கு ஏற்றி அனுப்பப் பொட்டாசியம் வேண்டும். அதே பொட்டாசியம் பழத்தில் சேரும்போது, அதற்கு ஈடாகச் செடி அமிலத்தையும் சேர்த்து வைக்கிறது. ஸ்ட்ரோபெரியில் அது பெரும்பாலும் சித்திரிக் அமிலம், அப்பிளில் மாலிக் அமிலம். என் வாய்க்கு இது குறையே இல்லை. முன்பு வெறும் தண்ணீராய் இருந்த பழத்துக்கு இப்போது ஒரு பிடிப்பு இருக்கிறது. ஹோட்டலுக்கு வாங்குகிறவர்தான் "அண்ணே, இன்னும் கொஞ்சம் இனிக்கணும்" என்பார். அவருக்கு முழுதும் சிவக்கவிட்டுப் பறிப்பேன்; புளிப்பு அடங்குவது பழுக்கும்போதுதான். சாற்றின் இனிப்பைப் பார்க்கப் பாவிக்கும் பிரிக்ஸ் கருவி இதைச் சரியாகக் காட்டாது. சாற்றில் கரைந்திருக்கும் எல்லாவற்றையும், அமிலம் உட்பட, சேர்த்தே அது அளக்கிறது.

தேயிலைக்குப் போடும் எம்ஓபி, அதாவது பொட்டாசியம் குளோரைட், மலிவு; பொட்டாஷும் (பசளையில் பொட்டாசியத்தைக் கணக்கிடும் அளவு) 60 சதவீதம். சல்பேட்டில் 50தான், விலையும் அதிகம். ஆனால் ஸ்ட்ரோபெரிக்குக் குளோரைட் ஆகாது, இலை ஓரம் கருகும். அதனால் காசைப் பார்க்காமல் சல்பேட்டையே எடுக்கிறேன். 2021இல் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்திய காலத்தில் விறகுச் சாம்பலோடு ஒப்பேற்றினோம். அதிலும் பொட்டாசியம் உண்டு, ஆனால் எவ்வளவு என்று அளந்து போட முடியாது.

சல்பேட்டில் தொல்லையும் இருக்கிறது. எங்கள் ஊர்க் குளிர் தண்ணீரில் லேசில் கரையாது. இரவே வாளியில் கலக்கி வைத்து, காலையில் வடிகட்டித்தான் சொட்டுக்குழாயில் விடவேண்டும். கல்சியம் நைத்திரேற்றோடு ஒரே வாளியில் கெட்டியாகக் கலந்தால் ஜிப்சமாகப் படிந்து குழாயை அடைக்கும். அளவு மீறினாலோ செடிக்குக் கல்சியமும் மக்னீசியமும் ஏறாது: குருத்திலை நுனி கருகும், அடியிலை நரம்புகளுக்கிடையே மஞ்சளாகும். அப்பிளில் இதே கல்சியக் குறை, தோலுக்கடியில் கசக்கும் பழுப்புப் புள்ளியாக விழும். நம் புளித்த (அமில) மண்ணுக்கு, கல்சியமும் மக்னீசியமும் உள்ள டொலமைட் சுண்ணாம்பு போடுவது இதற்கும் உதவுகிறது.

அப்புறம், வெயில். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல வெயிலும் குளிர்ந்த இரவுமாய் இருக்கும்போது கொடுக்கும் பசளைக்குப் பலன் தெரிகிறது. ஜூன், ஜூலை மூடுபனியில் எவ்வளவு கொட்டினாலும் பழம் சப்பென்றுதான் இருக்கும்; இலையில் சீனியே உருவாகாதபோது எதை ஏற்றி அனுப்புவது? அந்த மாதங்களில் அளவைப் பாதியாக்கிவிடுகிறேன்.