"எப்படி தம்பி, சாப்பிட்டாச்சா?" – மாத்திரைக்காக வரும் குறுஞ்செய்தியோடு சில வருடங்கள்

ஹெராயின் மாதிரிப் போதையை விடுவதற்குக் கிளினிக்கில் தரும் மருந்து மெத்தடோன். அதைக் குடிக்க வரும் கூட்டாளிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அந்த மெசேஜ் வந்தா மட்டும் மாத்திரை ஒழுங்கா சாப்பிட முடியுதா?" 2017-இல் எச்.ஐ.வி. மருந்து ஆரம்பித்ததிலிருந்து மாத்திரையை நினைவூட்ட இரண்டு விதமான குறுஞ்செய்திகள் எனக்கு வந்திருக்கின்றன. ஒன்றை நானே நிறுத்தச் சொன்னேன். இன்னொன்று இல்லையென்றால் நான் மருந்தை எப்போதோ விட்டிருப்பேன்.

நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறேன். இந்த நோய் எனக்குப் போதை ஊசியில் வந்தது. 1986-இல் மலேசியாவில் முதல் எச்.ஐ.வி. நோயாளி கண்டுபிடிக்கப்பட்ட பிறகு ரொம்ப காலம் இது ஊசி வழியாகத்தான் அதிகம் பரவியது. 2005-இல் மெத்தடோன் சிகிச்சையும், அதற்கு அடுத்த வருடம் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி தரும் திட்டமும் தொடங்கிய பிறகுதான் அந்த வழி அடங்கியது. எச்.ஐ.வி.க்கு முதலில் தரும் மருந்துகள் அரசாங்க கிளினிக்கில் இலவசம். ஆக, காசு பிரச்சினை இல்லை. நாள் தவறாமல் விழுங்குவதுதான் பாடு.

முதலில் வந்தது கணினி அனுப்பும் செய்தி. தினமும் இரவு ஒன்பது மணிக்கு மலாயில் ஒரே வரி: ஏ.ஆர்.வி. மருந்தை மறக்காமல் சாப்பிடவும். ஏ.ஆர்.வி. என்றால் எச்.ஐ.வி. மருந்து. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்தில் இரவில் லைன் சரியாகக் கிடைக்காது. காலையில் லோரி மெயின் ரோட்டைத் தொட்டதும்தான் நேற்றைய செய்தி வந்து விழும். ஒருநாள் ஹேண்ட்போன் லோரியின் முன்பக்கத்தில் கிடந்தபோது அப்படி வந்தது. பக்கத்தில் இருந்த பையன் எடுத்துப் படித்துவிட்டு, "அண்ணே, ஏ.ஆர்.வி.ன்னா என்ன மருந்து?" என்று கேட்டான். வைட்டமின் என்று சொன்னேன். அவன் அதோடு விட்டுவிட்டான். ஆனால் அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. தோட்டத்தில் ஒரு வீட்டுக்குத் தெரிந்தால் எல்லா வீட்டுக்கும் தெரிந்த மாதிரி. அந்தச் செய்தியை எழுதியவர்கள் ஒரு தடவையாவது லயத்தில் வந்து தங்கிப் பார்த்திருந்தால் அந்த மூன்று எழுத்தைப் போட்டிருக்க மாட்டார்கள். இதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

இன்னொரு குறை, அதற்குப் பதில் போட முடியாது. போட்டாலும் படிக்க ஆள் இல்லை.

அப்புறம்தான் டவுனில் போதைப் பழக்கக்காரர்களுக்காக வேலை செய்யும் அக்கா ஒருவர் வாராவாரம் அனுப்ப ஆரம்பித்தார். திங்கட்கிழமை காலையில் வரும்: "எப்படி தம்பி, சாப்பிட்டாச்சா?" யார் பார்த்தாலும் சொந்தக்காரர் நலம் விசாரிப்பதாகத்தான் நினைப்பார்கள். நான் "ஆச்சு" என்று போட்டால் சரி. "சிக்கல்" என்று போட்டால் அன்றைக்கே கூப்பிடுவார். இரண்டு நாள் பதில் இல்லையென்றாலும் கூப்பிடுவார்.

இந்த முறை கென்யாவிலிருந்து வந்தது என்று அக்கா சொன்னார். 538 நோயாளிகளை வைத்து அங்கே நடந்த ஆய்வு 2010-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. வாரம் ஒரு செய்தி, 48 மணி நேரத்துக்குள் பதில், சிக்கல் என்றால் நர்ஸ் கூப்பிடுவார். செய்தி கிடைத்தவர்களில் 62 சதவீதம் பேர் மருந்தை ஒழுங்காக எடுத்தார்கள், கிடைக்காதவர்களில் 50 சதவீதம். அதே நாட்டில் 2011-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், வாரம் ஒருமுறை அனுப்பியது உதவியது, தினமும் அனுப்பியது உதவவில்லை. இரண்டுமே போதைப் பழக்கக்காரர்களுக்கென்று தனியாகச் செய்தவை அல்ல. ஆனாலும் என் அனுபவம் அப்படியே ஒத்துப்போகிறது. தினமும் வருவதைக் கை தானாகவே தள்ளிவிடும். வாரத்துக்கு ஒருமுறை ஒருவர் கேட்டால் நின்று யோசித்துப் பதில் சொல்வோம்.

நான் முதன்முதலாக "சிக்கல்" என்று போட்டது மறதிக்காக இல்லை. மருந்து ஆரம்பித்துச் சில வாரங்களில் சாயங்காலம் ஆனாலே கொட்டாவி, மூக்கில் தண்ணீர், எலும்புக்குள் குடைச்சல். போதை கிடைக்காதபோது உடம்பு படும் அதே பழைய கியான். காலையில்தான் மெத்தடோன் குடித்திருக்கிறேன், பிறகு ஏன் இப்படி? இந்த மாத்திரைதான் காரணம், இதை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று தோன்றியது. அல்லது வெளியே போய்ப் போதைச் சாமான் வாங்க வேண்டும். இரண்டில் ஒன்று நடந்திருக்கும். அக்கா போனில் கேட்டுவிட்டு, "நிறுத்தாதீங்க தம்பி, நாளைக்கு டாக்டர்கிட்ட போலாம்" என்றார். இரவில் நான் சாப்பிட்ட இரண்டு மாத்திரைகளில் ஒன்று எஃபாவிரென்ஸ். அது ஈரலைத் தூண்டி மெத்தடோனைச் சீக்கிரம் கரைத்துவிடுமாம். டாக்டர் மெத்தடோன் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார், குடைச்சல் அடங்கியது. தினமும் ஒன்பது மணிக்கு "மறக்காதே" என்று வந்த செய்தியால் இதற்கு என்ன செய்திருக்க முடியும்? நான் மறக்கவே இல்லையே.

என் கூட்டாளி ஒருவன் கதையையும் சொல்ல வேண்டும். சிறுநீர் சோதனையில் மாட்டி லாக்கப்பில் இருந்தான். ஹேண்ட்போன் கையில் இல்லை, மாத்திரையும் இல்லை. அவன் பதில் வராததால்தான் அக்கா அவன் அம்மாவைத் தேடிப் போய் விஷயம் தெரிந்து, மருந்து கிடைக்க ஏற்பாடு செய்தார். சில நாள் விட்டால் என்ன என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: எஃபாவிரென்ஸ் ரத்தத்தில் பல நாள் தங்கும், கூடச் சாப்பிடும் மற்ற மருந்துகள் முன்னாலேயே தீர்ந்துவிடும். அந்த இடைவெளியில் வைரஸ் தனியாக நிற்கும் ஒரே மருந்துக்குப் பழகிவிடலாம். பிறகு அந்த மருந்து அவருக்கு வேலை செய்யாது.

குறைகளும் இருக்கின்றன. பிரிபெய்ட் லைனில் டோப் அப் போடாவிட்டால் பதில் அனுப்ப முடியாது, ரொம்ப நாள் விட்டால் நம்பரே போய்விடும். கியான் பிடித்தவன் வீட்டிலிருந்து முதலில் அடகுக் கடைக்குப் போகும் பொருள் ஹேண்ட்போன்தான். அக்கா ஒரே ஆள், அவர் லீவில் இருந்த வாரங்களில் செய்தி வரவில்லை. அவருக்கு உதவிக்கு இன்னொருவரைப் போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

இப்போது எனக்கு எஃபாவிரென்ஸுக்குப் பதிலாக டொலுட்டிகிராவிர் என்ற மருந்தைக் கொடுக்கிறார்கள். அதற்கும் மெத்தடோனுக்கும் சண்டை இல்லை. ஆனால் எஃபாவிரென்ஸ் நின்ற பிறகு, கூட்டிய மெத்தடோன் அதிகமாகித் தூக்கம் தள்ளியது, மறுபடி அளவைக் குறைத்தார்கள். அதற்கும் ஒரு "சிக்கல்" போட்டேன். என் ரத்தத்தில் வைரஸ் இப்போது சோதனையில் தெரியாத அளவுக்கு இறங்கியிருக்கிறது. அப்படியே இருக்கும்வரை உடலுறவு வழியாக மனைவிக்குப் பரவாது. இதை டாக்டர் சொன்னபோது அவள்தான் முதலில் அழுதாள்.

உங்களை இப்படி ஒரு சேவையில் சேரச் சொன்னால், நான் பதில் போட்டால் யார் படிப்பார்கள் என்று முதலில் கேளுங்கள். செய்தியில் என்ன எழுத வேண்டும் என்பதை நீங்களே சொல்லுங்கள். நோய், மருந்து, கிளினிக் எந்தப் பெயரும் அதில் வேண்டாம். உங்கள் நம்பரோடு, வீட்டில் விஷயம் தெரிந்த ஒருவருடைய நம்பரையும் கொடுத்து வையுங்கள். நான் என் தங்கச்சி நம்பரைக் கொடுத்திருக்கிறேன்.