முறிகண்டி வரைக்கும் எந்தச் சண்டை?

கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போய் வருகிறவர்களுக்குத் தெரியும்: யாழ்ப்பாணத்தில் ஏறினால், முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கிக் கச்சான் வாங்கும் வரை நித்திரை வராது. கையடக்கக் கொன்சோலில் சண்டை விளையாட நான் பழகியது அந்த நேரத்தில்தான். பஸ் குலுக்கத்திலும் கை சொன்னபடி கேட்கிறதா என்பதே என் அளவுகோல். வீட்டில் பெரிய ரீவி வைத்திருப்பவர்களுக்கு என் தீர்ப்பு கொஞ்சம் கோணலாகத் தெரியலாம்.

போட்டியில் மூன்று. சோனியின் கையடக்க மெஷினான பிளேஸ்டேஷன் வீட்டாவில் ‘அல்டிமேட் மார்வெல் வெர்சஸ் கப்கொம் 3’, சுருக்கமாக மார்வெல் 3. அதே வீட்டாவில் ‘இன்ஜஸ்டிஸ்: கோட்ஸ் அமங் அஸ்’, அல்டிமேட் பதிப்பு. மூன்றாவது, 2024 செப்டெம்பரில் நின்ரெண்டோ சுவிட்சுக்கு வந்த ‘மார்வெல் வெர்சஸ் கப்கொம் ஃபைட்டிங் கலெக்ஷன்’. வீட்டாவும், விளையாட்டுகள் இருக்கிற இரண்டு கார்ட்டும் லண்டனிலிருந்து வந்த சொந்தக்காரரின் பையில் வந்தவை. வீட்டா கார்ட்டுக்கு நாட்டுப் பூட்டு இல்லை. எந்த நாட்டுக் கார்ட்டும் எந்த வீட்டாவிலும் ஓடும். எங்களைப் போல வெளிநாட்டு உறவுகளை நம்பியிருக்கிற ஊருக்கு அது பெரிய வசதி.

இரண்டையும் மருமகனிடம் நீட்டினேன். சுப்பர்மானும் பட்மானும் இருந்தபடியால் இன்ஜஸ்டிஸைத்தான் முதலில் எடுத்தான். ஐந்து நிமிஷம் போகவில்லை.

“மாமா, இவையின்ர முகத்துக்கு என்ன நடந்தது? மெழுகு உருகின மாதிரிக் கிடக்கு.”

பெடியன் சொன்னது சரி. இன்ஜஸ்டிஸ் 2013 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 3 போன்ற பெரிய பெட்டிகளுக்காக வந்தது. தோல், கவசம், துணி மடிப்பு எல்லாம் நிஜம்போல இருக்க வேண்டும் என்று செய்யப்பட்ட கிறபிக்ஸ். அதே வருஷம் நவம்பரில் வீட்டாவுக்குக் கொண்டுவந்தபோது, ஓட்டம் செக்கனுக்கு 60 ஃபிரேமில் நிற்க வேண்டும் என்பதற்காக நுணுக்கங்களை வெட்டிவிட்டார்கள். சண்டை விளையாட்டுக்கு அது சரியான முடிவுதான். தூரத்தில் நின்று அடிபடும்போது குறை அவ்வளவாகத் தெரியாது. கமரா கிட்டப் போகிற நேரத்தில்தான் மானம் போகிறது. இந்த விளையாட்டிலோ கமரா கிட்டப் போவது கொஞ்ச நஞ்சமல்ல. சுப்பர்மான் எதிராளியை விண்வெளிக்கு அனுப்பித் திரும்பக் குத்தி இறக்குகிறார், ஃபிளாஷ் உலகத்தைச் சுற்றி ஓடிவந்து அறைகிறார். பெருமையாகக் காட்ட வேண்டிய இடங்களெல்லாம் மெழுகு.

மார்வெல் 3 தப்பியது அதன் சித்திரப் பாணியால். அது ஆரம்பத்திலிருந்தே கொமிக் புத்தகம்போல: கறுத்த மை நிழல், தடித்த நிறம், முகத்தில் நாலு கோடு. கோட்டுச் சித்திரத்தை எவ்வளவு சுருக்கினாலும் சித்திரம்தான். கலியாண அல்பத்துப் படத்தை அடையாள அட்டை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், மாப்பிள்ளையையே தேட வேண்டிவரும். முதல் மொடல் வீட்டாவில் 5 அங்குல ஓலெட் திரை. 960க்கு 544 புள்ளிகள்தான். ஆனாலும் அந்தத் திரையின் கறுப்பில் கோஸ்ட் ரைடரின் நெருப்பு எரிகிற வடிவைப் பார்க்க வேண்டும். பின்னால் வந்த மெல்லிய மொடலில் எல்சீடி திரை. பழசு வாங்குகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது பட்டன். பிளேஸ்டேஷன் 3 கொன்ட்ரோலரில் மேலே நாலு பட்டன், வீட்டாவில் இரண்டு. மார்வெல் 3க்கு முன்பக்கம் நாலு அடி, மேலே துணையாட்களைக் கூப்பிட இரண்டு, மொத்தம் ஆறு. வீட்டாவுக்கென்றே கணக்குப் பண்ணியதுபோலப் பொருந்துகிறது. மெல்லடி, நடுவடி, வன்னடி, பிறகு மேலே தூக்குகிற அடி. பாய்ந்து போய் வானத்தில் நடு, நடு, வன், கடைசியில் நிலத்தில் அறைகிற அடி. விரல் பழகினால் கண்ணை மூடிக்கொண்டே வரும், ஏ9 வீதிப் பள்ளத்தில்கூட. இன்ஜஸ்டிஸில் வேலைகள் கூட: பிடித்தெறிவது, மண்டபத்தில் கிடக்கிற சாமானைத் தூக்கி அடிப்பது, சேர்த்து வைத்த சக்தி மீற்றரை எரித்து அடியைப் பலப்படுத்துவது. சிறிய மெஷினில் விரல்களுக்கு இடம் நெருக்கம், அவசரத்தில் ஒன்றுக்கு ஒன்று மாறும்.

மார்வெல் 3இல் திரையைத் தொட்டே அடிக்கிற முறையும் இருக்கிறது. மருமகன் கச்சான் தின்ற உப்புக் கையால் அதைத்தான் விளையாடினான். கண்ணாடியைத் துடைத்தது நான்.

ஆனால் தனியாக விளையாடுகிறவனுக்கு இன்ஜஸ்டிஸ்தான் மேல், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஜோக்கரின் சதியால் மெட்ரோபொலிஸ் அழிய, துயரத்தில் சுப்பர்மான் சர்வாதிகாரி ஆகிறார், எதிர்க்க பட்மான். இடையில் நிறுத்த மனம் வராத கதை. கதை முடிந்தால் ஸ்டார் லாப்ஸ் என்று நூற்றுக்கணக்கான சிறு சவால்கள். பாத்திரங்கள் 30. மார்வெல் 3இல் கதை என்று ஒன்றும் கிடையாது. கடைசி எதிரி கலக்டஸை வென்றால் இரண்டு படமும் நாலு வரியும். கார்ட்டில் 48 பேர். புதிதாக வருகிறவன் மூன்று பேர் கொண்ட கூட்டணியை எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு பிழைக்கு ஒரு ஆளை முழுசாய்ப் பறிகொடுத்து, பத்து நிமிஷத்தில் வீட்டாவை மூடி வைப்பான். எனக்கும் அதுதான் நடந்தது. திரும்ப எடுக்க ஒரு மாதம் போனது.

சுவிட்ச் தொகுப்பு வேறு கணக்கு. 1993இன் ‘தி பனிஷர்’ தொடக்கம் 2000இன் ‘மார்வெல் வெர்சஸ் கப்கொம் 2’ வரை ஏழு ஆர்கேட் விளையாட்டுகள். பனிஷர் மட்டும் தெருவில் நடந்து நடந்து அடிபடுகிற வகை. இரண்டாம் பாகத்தில் மட்டும் 56 பேர். கையால் வரைந்த உருவங்கள் என்றபடியால் எந்தத் திரையிலும் கெடாது. பழைய சதுரத் திரைக்குச் செய்தவை என்பதால் இரண்டு பக்கமும் பட்டை விழும், அவ்வளவுதான். ஆனால் சாதாரண சுவிட்சின் இடது ஜோய்கொன்னில் (பக்கத்தில் பூட்டுகிற கொன்ட்ரோலர்) சிலுவைப் பட்டன் இல்லை, தனித்தனியாக நாலு உருண்டை. கீழிருந்து முன்னுக்குக் கால் வட்டம் உருட்டிப் பாருங்கள். பெருவிரல் இடைவெளியில் விழுந்து, நெருப்பு எறிய வேண்டிய ஆள் சும்மா குந்தி எழும்புவார். லைட் மொடலில் சிலுவை இருக்கிறது. அதில் விளையாடிய பிறகு என்னால் மற்றதைத் தொட முடியவில்லை. ரொறன்ரோவில் இருக்கிற மச்சானோடு ஒன்லைனில் ஒருக்கால் அடிபட்டேன். இணையத் தாமதத்தை மறைக்கிற ரோல்பக் முறை இருந்தும் உருவங்கள் துள்ளித் துள்ளி வந்தன. பாதி உலகத்தை எந்த நிரல் சுருக்கும்?

வாங்குகிற சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். மார்வெல் 3 உரிமக் காரணத்தால் 2013 கடைசியில் டிஜிட்டல் கடையிலிருந்து எடுக்கப்பட்டது. பிளேஸ்டேஷன் 4க்குத் திரும்ப வந்தது, வீட்டாவுக்கு வரவில்லை. அதனால் கார்ட் கிடைத்தால் விடாதீர்கள். வீட்டா வாங்கும்போது இடது ஸ்டிக் தானாக நகர்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். என்னுடையதை ரவுணில் ஒரு கடையில் திருத்தக் கொடுத்தேன்; ஸ்டிக் சரியாகி வந்தது, ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. இரவு பஸ்ஸில் ஹெட்போன்தானே என்று விட்டுவிட்டேன்.

இப்போது பையில் இருப்பது மார்வெல் 3. இன்ஜஸ்டிஸ் கார்ட் மருமகனிடம். மெழுகு முகம் என்று சொன்னவன் கதையை இரண்டாம் தரம் விளையாடிக்கொண்டிருக்கிறான், திருப்பிக் கேட்டால் “நாளைக்கு, மாமா” என்கிறான்.